வெளிநாட்டில் வாடகை வீடு: அட்வான்ஸ் எவ்வளவு கேட்கலாம்? பணம் கட்டும் முன் எதைப் பார்க்கணும்?

சரவணம்பட்டியில் வாடகைக்கு வீடு பிடிப்பது பெரிய வித்தை இல்லை. சத்தி ரோட்டில் இறங்கி, 'டு-லெட்' போர்டைப் பார்த்து போன் போட்டால் ஓனர் சாவியோட வந்து நிற்பார். "எந்த கம்பெனிங்க? எத்தனை பேருங்க?" என்று இரண்டு கேள்வி. அட்வான்ஸ் பேசி முடித்தால் அடுத்த வாரமே பால் காய்ச்சலாம்.

அதே ஐ.டி. ஊழியர் கீரணத்தம் அலுவலகத்திலிருந்து ஜெர்மனிக்கோ லண்டனுக்கோ மாற்றலாகும்போது கதையே வேற. வீட்டைப் பார்க்கும் முன்பே பணம் அனுப்பச் சொல்வார்கள். மோசடிப் பேர்வழிகள் குறி வைப்பதும் இந்த இடத்தைத்தான்.

சாவி கூரியரில் வருமா?

விளம்பரத்தில் வீடு பளபளப்பாக இருக்கும், வாடகை அந்த ஏரியாவில் மற்றவர்கள் கேட்பதில் பாதிதான் இருக்கும். ஓனரோ, "நான் இப்போ வேற நாட்டுல இருக்கேன், டெபாசிட் அனுப்புங்க, சாவியை கூரியர்ல அனுப்பிடறேன்" என்பார். பணம் போனதும் ஆளும் இல்லை, வீடும் இல்லை. சிலர் பாஸ்போர்ட் நகலையும் வாங்கி, அதை வைத்து அடுத்த ஆளை ஏமாற்றுவார்கள்.

எனவே முதல் சில வாரங்களுக்கு கம்பெனி தரும் தங்குமிடம், பல்கலைக்கழக விடுதி அல்லது தற்காலிக அறையில் இருந்துகொண்டு, வீட்டை நேரில் பார்த்த பிறகு டெபாசிட் கட்டுவது நல்லது. கொஞ்சம் செலவு கூடும்தான், ஆனால் மொத்தமாக இழப்பதற்கு இது தேவலாம். இந்தியாவிலிருந்து பணம் அனுப்பி ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனி: 'குளிர்' வாடகை, 'சூடு' வாடகை

ஜெர்மனியில் விளம்பரத்தில் இரண்டு தொகை இருக்கும். 'கால்ட்மீட்டே' என்பது வெறும் வீட்டு வாடகை. தண்ணீர், குப்பை, ஹீட்டர் செலவுகளைச் சேர்த்தால் 'வார்ம்மீட்டே'. கரண்ட், இன்டர்நெட் பெரும்பாலும் இதிலும் சேராது. முதல் தொகையைப் பார்த்து பட்ஜெட் போட்டால் மாசக் கடைசியில் கை கடிக்கும். ஹீட்டர், தண்ணீர் செலவுக்கு வருடம் ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். கூடுதலாகப் பயன்படுத்தியிருந்தால் மீதியைக் கட்டணும், குறைவு என்றால் திருப்பித் தருவார்கள்.

டெபாசிட் மூன்று மாத கால்ட்மீட்டேவுக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அதையும் மூன்று மாதத் தவணையில் கட்டலாம். கால்ட்மீட்டே 700 யூரோ என்றால் டெபாசிட் அதிகபட்சம் 2,100 யூரோ. குடியேறும்போது 700 கட்டினால் போதும். இது தெரியாமல் மொத்தத்தையும் முதல் நாளே கட்டிவிட்டு, சம்பளம் வரும்வரை திண்டாடுகிறவர்கள் உண்டு.

அதைவிட முக்கியம் 'அன்மெல்டுங்'. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு ஓனர் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும். பதிவு செய்தால்தான் வரி எண் கைக்கு வரும். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் அதிக வரி பிடிக்க வாய்ப்பு உண்டு. "பதிவு மட்டும் பண்ண முடியாதுங்க" என்று ஓனர் சொன்னால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த வீடு வேண்டாம்.

இன்னொன்று, நம்மவர்களை திகைக்க வைப்பது. பல வீடுகளில் சமையலறையே இருக்காது. அடுப்பு, சிங்க், அலமாரி எல்லாம் பழைய குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.

மற்ற நாடுகளில்?

இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. அதை ஓனர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட வேண்டும். அங்கே ஜாமீன் போட ஆள் இல்லாத வெளிநாட்டு மாணவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது வழக்கமாக இருந்தது. 2025ல் வந்த வாடகைதாரர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்கத் தடை போடுகிறது.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 'சேதத்துக்கு டெபாசிட்' என்று கேட்பதே சட்டவிரோதம். ஒரு மாத வாடகையை மட்டும் முன்கூட்டியே வாங்கலாம், அதுவும் கடைசி மாத வாடகையாகக் கழியும். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீடுகளை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. துபாயில் வாடகை ஒப்பந்தத்தை 'இஜாரி'யில் பதிவு செய்யணும்.

இங்கே எப்படி?

2019 பிப்ரவரி 22ல் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். டெபாசிட் மூன்று மாத வாடகைதான், வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் தவிர. அந்தத் 'தவிர'வில்தான் பல ஓனர்கள் நிற்கிறார்கள். ஜெர்மனியில் இந்தச் சந்து இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது.

டெபாசிட் திரும்பி வருவது எந்த நாட்டிலும் முதல் நாளிலேயே முடிவாகிறது. சாவி வாங்கும்போதே சுவர்க் கறை, உடைந்த கைப்பிடி, மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். காலி செய்வதற்கும் கணக்கு இருக்கு. ஜெர்மனியில் பொதுவாக மூன்று மாதம் முன்பே கையெழுத்திட்ட கடிதம் கொடுக்கணும். ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்ட பிறகு சொன்னால், மிச்ச மாத வாடகையை சரவணம்பட்டியில் இருந்துகொண்டே கட்ட வேண்டியிருக்கும்.