வாகன நிறுத்துமிடப் பொறுப்பு: சட்ட வரலாறு

கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றின் வாகன நிறுத்துமிடங்களில் "வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற அறிவிப்புப் பலகையைப் பரவலாகக் காணலாம். அங்கு தரப்படும் சீட்டிலும் பெரும்பாலும் இதே வாசகம் இருக்கும். நிறுத்திய வாகனம் சேதமடைந்தாலோ களவு போனாலோ, இந்த ஒரு வரியைக் காட்டி நிர்வாகம் ஒதுங்கிவிட முடியுமா? இக்கேள்வி கார்களுக்கு முன்பே, குதிரைகளின் காலத்தில் எழுந்தது.

குதிரையும் சத்திரமும்

1584-இல் இங்கிலாந்தில் 'கேலீஸ் கேஸ்' எனப்படும் வழக்கில் ஒரு விதி வகுக்கப்பட்டது. சத்திரத்தின் எல்லைக்குள் வழிப்போக்கரின் உடைமைகள் களவு போனால் சத்திரக்காரரே பொறுப்பு. வழிப்போக்கர் தாமே கேட்டுக்கொண்டு குதிரையை வெளியே மேய்ச்சலுக்கு அனுப்பியிருந்தால் சத்திரக்காரர் பொறுப்பாகமாட்டார். சத்திரக்காரர் தம் விருப்பப்படி அனுப்பியிருந்தால் இழப்பை அவரே ஈடுசெய்ய வேண்டும். பொருள் யாருடைய காவலில் இருந்தது என்பதே அன்றும் முக்கியமாக இருந்தது.

காரும் சீட்டும்

குதிரைகளின் இடத்தைக் கார்கள் பிடித்தபோது இக்கேள்வி புது வடிவம் பெற்றது. 1937-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஆஷ்பி எதிர் டோல்ஹர்ஸ்ட்' வழக்கை விசாரித்தது. ஒருவர் ஒரு ஷில்லிங் கட்டி நிறுத்துமிடத்தில் காரை விட்டுச் சென்றார். உரிமையாளரின் நண்பர் என்று சொல்லி வந்த ஒருவன் காரை எடுத்துச் செல்லக் காவலாளி அனுமதித்துவிட்டார். ஆனாலும் நிறுத்துமிட உரிமையாளர் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. கார் அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை, நிறுத்த இடம் மட்டுமே தரப்பட்டது என்பது காரணம்.

சீட்டில் அச்சிட்டுவிட்டால் எதுவும் செல்லும் என்ற எண்ணத்தை 1971-இல் 'தார்ன்டன் எதிர் ஷூ லேன் பார்க்கிங்' வழக்கு அசைத்தது. இது வாகனச் சேதம் பற்றியதன்று; நிறுத்துமிடத்தில் ஒருவருக்கு ஏற்பட்ட உடற்காயம் பற்றியது. தானியங்கி இயந்திரம் சீட்டை நீட்டிய பிறகு வாடிக்கையாளர் திரும்பிச் செல்ல வழியில்லை. ஆகவே உள்ளே ஒட்டப்பட்டிருந்த நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது என்று டென்னிங் பிரபு கூறினார். கடுமையான நிபந்தனையை முன்கூட்டியே, தெளிவாக வாடிக்கையாளர் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் சாரம்.

இந்தியாவில்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 148-இல் ஒப்படைப்பு என்பதை விளக்குகிறது. ஒரு நோக்கத்துக்காகப் பொருளை மற்றவர் கையில் கொடுத்து, நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெறுவதே ஒப்படைப்பு. பெற்றுக்கொண்டவர், விவேகமுள்ள சாதாரண மனிதர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் அதைக் காக்க வேண்டும் என்கிறது பிரிவு 151.

இப்பிரிவுகள் புது தில்லி தாஜ்மகால் ஓட்டல் வழக்கில் பயன்பட்டன. 1998 ஆகஸ்ட் 1 அன்று விருந்தினர் ஒருவர் தம் மாருதி ஜென் காரையும் சாவியையும் ஓட்டல் ஊழியரிடம் கொடுத்துவிட்டு உள்ளே சென்றார். அங்கு வந்திருந்த வேறொருவன் சாவியை எடுத்துக் காருடன் தப்பிவிட்டான். காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்தது. பின்னர் அத்தொகையை ஓட்டலிடம் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்று இருப்பதை ஓட்டல் எடுத்துக்காட்டியது.

2019 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் ஓட்டலே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. எல்லா இழப்புக்கும் ஓட்டலே பொறுப்பு என்ற பழைய கடுமையான விதியை அது ஏற்கவில்லை. ஆனால் சாவியுடன் பெற்றுக்கொண்ட காரைத் திருப்பித் தர முடியாதபோது, தம்மிடம் கவனக்குறைவு இல்லை என்பதை ஓட்டலே மெய்ப்பிக்க வேண்டும் என்றது. தன் கவனக்குறைவின் விளைவிலிருந்து அச்சிட்ட வாசகத்தால் தப்ப முடியாது என்றும் தெளிவாக்கியது.

இன்றைய நிலை

இத்தீர்ப்பு எல்லாக் கடைகளையும் எல்லாச் சேதங்களுக்கும் பொறுப்பாக்கவில்லை. வாடிக்கையாளர் தாமே வண்டியை நிறுத்திச் சாவியைத் தம்மிடம் வைத்திருந்தால், பெரும்பாலும் அது இட அனுமதியாகவே கருதப்படும். கடையின் கவனக்குறைவை அவர்தாம் காட்ட வேண்டியிருக்கும். சாவியை ஊழியரிடம் கொடுத்திருந்தால் மெய்ப்பிக்கும் சுமை பெற்றுக்கொண்டவர் மீது விழும். எனவே பலகையைப் பார்த்ததும் உரிமை போய்விட்டதாக எண்ண வேண்டியதில்லை. சீட்டைப் பத்திரப்படுத்தி, சேதத்தைப் படம் எடுத்து, உடனே எழுத்தில் முறையிட்டால், பின்னர் நுகர்வோர் ஆணையத்தை அணுகும்போது அவை சான்றாக உதவும்.