ஆசிரியரை அல்ல, பிள்ளைகளைக் கவனியுங்கள்: 'பாட ஆய்வு' என்றால் என்ன?

நீங்கள் பி.எட். படிக்கிறீர்கள், புனே அருகே உள்ள தளேகாவில் ஒரு பள்ளிக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்துகிறீர்கள். 1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால், "மூணைவிட நாலு பெருசு, அப்ப 1/4தான் பெருசு" என்கிறாள் ஒரு மாணவி. மராத்தியானாலும் தமிழானாலும் பல பிள்ளைகளிடம் வரும் பதில் இதுதான்.

கடைசி பெஞ்சில் இருக்கும் மேற்பார்வையாளர் உங்கள் குரலுக்கும் கரும்பலகை எழுத்துக்கும் மதிப்பெண் போடுகிறார். அந்த மாணவி ஏன் அப்படி யோசித்தாள் என்ற பேச்சு வராமலே வகுப்பு முடிந்துவிடுகிறது. இந்த இடத்தில்தான் 'பாட ஆய்வு' உதவுகிறது.

எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் இதன் பெயர் 'ஜுக்யோ கென்கியூ'. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களோடு இணைந்த பள்ளிகளில் வேர்விட்டது. ஜேம்ஸ் ஸ்டிக்லரும் ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999இல் எழுதிய 'தி டீச்சிங் கேப்' நூலுக்குப் பிறகு அமெரிக்காவிலும் வெளியிலும் பரவலாகப் பேசப்பட்டது.

எப்படி நடக்கும்?

நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். எந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். பிறகு ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் அருகில் நின்று, அவர்கள் எழுதுவதையும் அழிப்பதையும் தங்களுக்குள் பேசுவதையும் குறித்துக்கொள்வார்கள். நடுவில் புகுந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது.

வகுப்பு முடிந்ததும் கலந்துரையாடல். நடத்தியவர் முதலில் பேசுவது வழக்கம். "நீங்க சரியா நடத்தல" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. பாடம் எல்லோருடையது; தவறினாலும் எல்லோருக்கும் பொறுப்பு. அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் கருத்துச் சொல்வார். தேவைப்பட்டால் பாடத்தைத் திருத்தி, வேறு பிரிவில் இன்னொருவர் நடத்துவார்.

இந்தியாவில் சாத்தியமா?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைப்படி, இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்கள் பள்ளி அனுபவத்துக்கு உண்டு. அதில் ஒரு சுற்று பாட ஆய்வுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் குறுவள மையக் கூட்டங்கள் இருக்கின்றன. ஆண்டுக்குக் குறைந்தது 50 மணிநேரப் பணித்திறன் மேம்பாட்டை 2020 தேசியக் கல்விக் கொள்கையும் வலியுறுத்துகிறது.

உறுதியான பலன் உண்டா?

எல்லா இடத்திலும் இல்லை. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிகளில் நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2017இல் வெளியானது. கணிதம், வாசிப்பு மதிப்பெண்கள் உயர்ந்ததற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. அவசரமாகத் திட்டமிட்டால், மூத்தவரின் கருத்தை மறுக்கத் தயங்கினால், இதுவும் இன்னொரு பதிவேடாகிவிடும். மதிப்பெண் போடும் வகுப்பையும் பாட ஆய்வு வகுப்பையும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

நீங்கள் எப்படித் தொடங்கலாம்?

சக பயிற்சி மாணவர்கள் இருவர் போதும். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் "நான் எப்படி நடத்தினேன்?" என்று கேட்காதீர்கள். "அந்தப் பொண்ணு ஏன் அப்படிச் சொன்னா?" என்று கேளுங்கள்.