தறையாணியின் சாட்சியம்: தில்லியும் முதல் கவசமும்

1573-ஆம் ஆண்டு. குஜராத்தில் மூண்ட கிளர்ச்சியை அடக்குவதற்காக அக்பர் பதேபூர் சிக்ரியிலிருந்து சிறிய குதிரைப்படையுடன் விரைந்தார். பல வாரப் பயணம் சில நாள்களில் முடிந்தது. அகமதாபாத்தை நெருங்கிப் போருக்கு அணிவகுக்கும் வேளையில், ரூப்சி என்னும் கச்சவாகா ராஜபுத்திரத் தலைவரின் மகன் ஜெய்மல் மிகவும் கனத்த கவசம் ஒன்றை அணிந்திருப்பதை அக்பர் கண்டார். அதைக் களையச் சொல்லி, தம் படைக்கலச் சாலையிலிருந்து இலகுவான வேறொன்றை அவருக்கு அளித்தார். சற்று நேரத்தில், ஜோத்பூர் மால்தேவின் பேரன் கரண் கவசமே இல்லாமல் நிற்பது அவர் கண்ணில் பட்டது. ஜெய்மல் களைந்த கவசம் கரணுக்குப் போயிற்று.

இதை அறிந்த ரூப்சி கொதித்தார். அவர் குடும்பத்துக்கும் மால்தேவ் குடும்பத்துக்கும் பழம்பகை இருந்தது. அக்கவசம் முன்னோர் வழி வந்தது, வெற்றி தருவது, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று பேரரசருக்கே ஆள் அனுப்பினார். அதற்கு ஈடாகத் தம் சொந்தக் கவசத்தையே கொடுத்திருப்பதாக அக்பர் பதில் அனுப்பினார். ரூப்சி தணியவில்லை. தாம் அணிந்திருந்த கவசத்தையும் கழற்றி எறிந்து, வெற்றுடம்போடு போருக்குப் போவேன் என்றார். அக்பர் வாதாடவில்லை. தம் வீரர்கள் கவசமின்றிப் போரிடும்போது தாம் மட்டும் அணிவது முறையாகாது என்று கூறித் தம் கவசத்தையும் களையத் தொடங்கினார். ராஜா பகவன் தாஸ் இடைபுகுந்து ரூப்சியைக் கடிந்து அடக்கினார். பாங்கின் மயக்கத்தில் நேர்ந்த பிழை என்று சொல்லி மன்னிப்பு வேண்டப்பட்டது. அபுல் ஃபசலின் அக்பர்நாமா இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறது.

அரசவைப் பெருந்தன்மைக்குச் சான்றாகவே இக்கதை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கவசத்தின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. முன்னோரின் கவசம் பெருமை தரலாம். அணிபவனின் உடலுக்குப் பொருந்தாவிட்டால் அது சுமை மட்டுமே. களம் புகும் புதியவனுக்கு முதல் கவசத்தைத் தேர்ந்து கொடுப்பது, போரைக் கண்டு தேர்ந்த ஒருவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அன்று பேரரசரே ஏற்றார்.

எல்லா வீரர்களுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. தில்லியை ஆண்ட அரசுகளின் குதிரைவீரன் பெரும்பாலும் தன் குதிரையையும் தளவாடத்தையும் தானே தேடிக்கொள்ள வேண்டியவனாக இருந்தான். அலாவுதீன் கில்ஜி தம் குதிரைவீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா ஊதியம் வகுத்தார். குதிரையைப் பேணுவதும் போருக்கு ஆயத்தமாக நிற்பதும் அந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். குதிரைக்குச் சூடு இடுதல், வீரனின் அங்க அடையாளங்களைப் பதிவேட்டில் எழுதுதல் என்ற இரு நடைமுறைகளையும் அவர் கடுமையாகக் கையாண்டார். 1573-74-இல் அக்பர் சூடிடும் முறையைத் தம் மன்சப் அமைப்புக்குள் மீண்டும் கொண்டுவந்தார். கணக்கெடுப்பு நாளில் இரவல் குதிரையைக் காட்டி ஊதியம் பெறும் வழக்கம் பரவியிருந்ததே இத்தனை கண்டிப்புக்குக் காரணம். செலவைச் சுருக்க வேண்டிய வீரன் தளவாடத்திலும் சுருக்கத்தான் செய்திருப்பான். கவசத்தின் கதையைப் பேரரசர்களின் பொன்வேலைப்பாடுகளை மட்டும் கொண்டு எழுதினால், இந்தச் சாதாரண வீரன் அதில் இடம்பெறவே மாட்டான்.

அவன் முதலில் அணிந்தது இரும்பு அன்று, பருத்தி. பஞ்சு வைத்து நெருக்கமாகத் தைத்த தடித்த அங்கியே அடிப்படைக் கவசம். வளையக் கவசம் வாளின் வெட்டைத் தடுக்கும். ஆனால் அடியின் விசையைத் தடுக்காது. வளைந்து கொடுக்கும் அதன் இயல்பே அதற்குக் காரணம். கதையால் ஓங்கி அடித்தால், வளையங்கள் அறாமல் இருக்கும்போதே அவற்றுக்குப் பின்னால் எலும்பு முறியக்கூடும். அந்த விசையை உள்வாங்கிப் பரப்புவது பஞ்சின் வேலை. வறியவனுக்குப் பஞ்சங்கியே முழுக் கவசமாகவும், செல்வனுக்கு அதுவே இரும்பின் உள்ளுறையாகவும் இருந்தது. துணியங்கியின் மீது சிறு ஆணிகளை நெருக்கமாகப் பதித்த வகையும் இந்தியப் படைகளில் வழங்கியது. ஆயிரம் ஆணி அங்கி என்ற பொருள்படும் பெயர் அதற்கு உண்டு.

பஞ்சுக்கு மேல் வந்தது வளையக் கவசம். பாரசீகத்தில் இதற்கு ஜிரா என்று பெயர். வளையங்களுக்கு இடையே சிறு தகடுகளை வரிசையாகக் கோத்தால், அந்த மார்பு மிகவும் உறுதி பெறும். அதற்கும் மேல் மார்பு, முதுகு, இரு விலாக்கள் என நான்கு தகடுகளை வாரால் இணைத்து அணிவது சார் ஆயினா. நான்கு கண்ணாடிகள் என்பது அதன் பொருள். விலாத் தகடுகளின் மேல்விளிம்பு அக்குளுக்கு இடம்விட்டு வளைவாக வெட்டப்பட்டிருக்கும். முன்கையை முழங்கைவரை மூடுவது தஸ்தானா. தலையில் குமிழ்வடிவத் தலைக்கவசம். அதன் விளிம்பிலிருந்து கழுத்தையும் தோளையும் காக்க வளையத் திரை தொங்கும். மூக்கைக் காக்க ஏற்றி இறக்கத்தக்க ஒரு சலாகை இருக்கும். ஐரோப்பிய வீரனைப் போல உடல் முழுவதும் தகடு பூணும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. குதிரைமேல் இருந்தபடி உடலைத் திருப்பி வில் வளைக்க வேண்டிய போர்முறையும், வெயிலும் அதற்கு இடம் தரவில்லை.

வளையக் கவசம் உருவாகும் முறை எளிமையாகத் தோன்றும், உழைப்போ பெரிது. இரும்புக் கம்பியைக் கோலில் சுருளாகச் சுற்றி, சுருளை நீளவாக்கில் வெட்டினால் திறந்த வளையங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, தட்டித் தட்டையாக்கி, நுண்ணிய துளையிட்டு, அத்துளையில் சிறு தறையாணி செலுத்தி, அதன் தலையைத் தட்டி மடக்க வேண்டும். ஒவ்வொரு வளையமும் அண்டை வளையங்கள் நான்கைக் கோத்து நிற்கும். இந்தியப் பட்டறைகளில் பரவலாக இருந்த மற்றொரு உத்தி, ஒரு வரிசைக்குத் தறைந்த வளையங்களையும் அடுத்த வரிசைக்குத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த மூட்டில்லா வளையங்களையும் மாற்றி மாற்றிக் கோப்பது. தறையாணிகளின் எண்ணிக்கை இதனால் பாதியாகும், உறுதி குறையாது. இரும்போடு பித்தளை வளையங்களையும் கலந்து சாய்சதுரக் கோலங்கள் அமைத்த கவசங்களும் உண்டு. இருநிற நதிகளின் கூடலை நினைத்து அந்தக் கலப்பைக் கங்கா-ஜமுனி என்றார்கள். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையங்கள். முடிந்த சட்டையின் எடை பொதுவாகச் சுமார் 10 கிலோ.

இங்கேதான் தறையாணி சாட்சியாக நிற்கிறது. தறையாமல், முனையும் முனையும் தொடும்படி வளைத்து மட்டும் விட்ட வளையங்களாலும் ஒரு சட்டையைக் கோக்கலாம். எட்ட நின்று பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் ஈட்டிமுனை புகுந்து விரிக்கும்போது தறையாத வளையம் வாய் திறந்துவிடும். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாரசீகத்திலும் இந்தியாவிலும் செய்யப்பட்ட அலங்காரக் கவசங்களில் இவ்வகை வளையங்கள் மிகுதி. தோற்றத்தில் அவை பழையவற்றைவிட நேர்த்தியானவை. வளையம் சிறிது, கோலம் நுட்பமானது. உயிரைக் காக்கும் வேலை மட்டும் அவற்றிடமிருந்து கைநழுவியிருந்தது. தறையாணி எங்கே மறைகிறதோ, அங்கே கவசம் உடையாக மாறிவிட்டது என்று கொள்ளலாம்.

அந்த மாற்றத்துக்குக் காரணங்கள் பல. முதலாவது துப்பாக்கி. வளையக் கவசம் குண்டைத் தடுக்காது. தடுக்கும் அளவுக்குத் தகட்டைத் தடிமனாக்கினால் மனிதன் அசைய முடியாது. ஆயினும் வாளும் ஈட்டியும் ஏந்திய குதிரைப்படை உள்ளவரை கவசத்துக்கு ஓரளவு வேலை இருந்தது. 1739-இல் நாதிர் ஷா தில்லியைச் சூறையாடியபின் பேரரசின் கருவூலம் வற்றியது. கைவினைஞரைப் போற்றும் வலிமை மாகாண அரசவைகளுக்கு இடம் மாறியது. 1857-க்குப் பின் தில்லியில் ஆதரிக்க அரசவையும் இல்லை. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் குடிமக்கள் ஆயுதம் வைத்திருப்பதை உரிமத்துக்கு உட்படுத்தியது. ஆயுதங்களைத் தீட்டி மெருகேற்றிய சிக்லிகர் சமூகத்தார் பலர் கத்தி, பூட்டு, வீட்டுப் பாத்திரம் ஆகியவற்றுக்கு மாறினார்கள். எஃகின்மீது பொற்கம்பி பதித்த பஞ்சாபின் கோஃப்த்காரி வினைஞர்கள், வாள்பிடியையும் கேடயத்தையும் விட்டுத் தட்டுகளையும் பேழைகளையும் அணிசெய்தார்கள். 1903-இல் கர்சன் நடத்திய தில்லி தர்பாரில் சிற்றரசர்களின் பரிவாரங்கள் பழங்கவசம் பூண்டு அணிவகுத்தன. போருக்குச் செய்யப்பட்டவை அன்று காட்சிக்கு வந்தன.

தெற்கின் கவசங்களும் இவ்வாறே இடம்பெயர்ந்தன. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள அரச படைக்கலக் காட்சியகத்தில் யானைக் கவசம் ஒன்று இருக்கிறது. 5,840 தகடுகளை வளையங்களால் கோத்த அதன் எடை, சில பகுதிகள் தொலைந்தபின்னும், 118 கிலோ. சென்னை மாகாண ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்ரியெட்டா 1801-இல் அதைக் கொண்டுசென்றார். மெய்யை மறைப்பது என்ற பொருளில் மெய்ம்மறை என்று கவசத்துக்குப் பெயரிட்டு, அரசனையே தன் வீரர்களின் மெய்ம்மறையாகப் பாடிய மரபு தமிழுக்கு உண்டு. பதிற்றுப்பத்து அதற்குச் சான்று. சொல் தங்கியது, பொருள் கடல் கடந்தது.

இந்த வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் புது தில்லி தேசிய அருங்காட்சியகத்தின் படைக்கலக் கூடமே அதன் இறுதி இடமாக இருந்திருக்கும். ஆனால் எதிர்பாராத ஒரு திருப்பம் நேர்ந்தது. 1966-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு குழுவினர் இடைக்காலப் போட்டிகளை விளையாட்டாக மீட்டெடுக்கத் தொடங்கினார்கள். படிப்படியாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது பரவியது. 2010-இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் நாடுகளுக்கிடையிலான கவசப் போர்ப் போட்டி நடந்தது. 2013-இல் அனைத்துலக இடைக்காலப் போர் விளையாட்டுக் கூட்டமைப்பு உருவானது. மழுங்கிய விளிம்புள்ள எஃகு ஆயுதங்களால் முழு விசையுடன் மோதும் விளையாட்டு இது. அடி உண்மையானது, எனவே கவசமும் உண்மையானதாக இருக்க வேண்டும்.

அந்தக் கவசத்தின் ஒரு பகுதி தில்லியின் சுற்றுவட்டாரத்திலிருந்தே செல்கிறது. டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம், மீரட்டின் தீபிகா நிறுவனம் போன்றவை பழங்காலப் படைக்கலப் படிகளைச் செய்து ஏற்றுமதி செய்கின்றன. உலகின் பல நாடுகளில் இவ்விளையாட்டுக்கும் வரலாற்று மீள்நிகழ்த்தலுக்கும் வரும் புதியவர் வாங்கும் முதல் வளையச் சட்டை பெரும்பாலும் இந்தியாவில் கோக்கப்பட்டது. ஒரு வரிசை தறைந்த வளையம், ஒரு வரிசை மூட்டில்லா வளையம் என்ற பழைய உத்தியே அவற்றில் பலவற்றிலும் காணப்படுகிறது. தறையாத மலிவு வளையங்களும் விற்பனைக்கு வருகின்றன. நாடகத்துக்கும் சுவரலங்காரத்துக்கும் அவை போதும். களத்துக்குச் செல்பவர் வளையத்தை விரலிடுக்கில் பிடித்துத் தறையாணியைத் தேட வேண்டும்.

புதியவருக்கு இன்று மூத்தோர் கூறும் அறிவுரைகளும் பழையவையே. முதலில் பஞ்சங்கி, ஏனெனில் மற்ற எல்லா அளவுகளையும் அதை அணிந்த பின்னரே எடுக்க வேண்டும். வெற்றுடம்பில் அளந்து செய்த தகடு பஞ்சின்மேல் பூட்டாது. செலவைச் சுருக்கக்கூடாத உறுப்பு தலைக்கவசம். அதன் உள்ளே தலை நேரடியாக எஃகைத் தொடாதபடி மெத்தை இருக்க வேண்டும். அடுத்துக் கை, விரலெலும்புகள் எளிதில் முறிபவை. கையை உயர்த்தி, குனிந்து, அமர்ந்து எழுந்து பார்க்காமல் எந்த வாரையும் இறுதியாகத் தறையக்கூடாது. எடையைத் தோள்மட்டும் தாங்காமல் இடைவாரும் பகிர வேண்டும். கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு எல்லாவற்றுக்கும் பின்னர்தான். அக்பர் ஜெய்மலின் உடலைப் பார்த்துச் செய்த முடிவும் இதே அறிவின்பாற்பட்டது.

கவசங்கள் பற்றிய பதிவுகளில் ஒரு மௌனம் எப்போதும் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிகானேர் மன்னர் அனூப் சிங் ஆதோனியிலிருந்து கொண்டுவந்த தக்காணக் கவசங்களில், எந்த ஊரில் வென்றது, எந்த அரசருக்கு உரியது என்பதைப் புள்ளிகளாகக் குத்தி எழுதியிருக்கிறார்கள். மும்பை அருங்காட்சியகத்திலுள்ள அக்பரின் மார்புக்கவசம் 1581-ஆம் ஆண்டுக்குரியது. அதில் சமய வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வென்றவர், அணிந்தவர், வேண்டப்பட்ட இறைவன் என எல்லோருக்கும் எஃகில் இடம் இருக்கிறது. ஒரு சட்டைக்காகப் பல்லாயிரம் முறை சுத்தியலைத் தூக்கியவருக்கு இடம் இல்லை. இன்று கடல் கடந்து செல்லும் சட்டைகளிலும் நாட்டின் பெயர் இருக்கும். கோத்த கையின் பெயர் இராது.

ஆனாலும் அந்தக் கை ஒரு கையொப்பத்தை விட்டுத்தான் செல்கிறது. ஒவ்வொரு வளையத்திலும் மடங்கி நிற்கும் தறையாணியின் தலை அது. அணிபவர் எவர் என்று அறியாமலேயே, அவர் உயிர் இதில் தங்கியிருக்கிறது என்று நம்பி அடித்த அடி. ரூப்சி தம் முன்னோரின் கவசத்தில் நற்பேறு இருப்பதாக நம்பினார். அப்படி ஒன்று இருந்திருந்தால், அது முன்னோரிடமிருந்து வந்ததைவிட, பெயர் தெரியாத ஒரு தறைஞரின் பொறுமையிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும்.