ஓர் உடலில் பல நோய்கள்: சிங்கப்பூர் முதியோரும் மருத்துவச் செலவு ஏற்பாடுகளும்

முதுமையில் நோய் பெரும்பாலும் தனித்து வருவதில்லை. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு என ஒன்றையொன்று தொடர்ந்து ஓருடலில் தங்கிவிடுகின்றன. மருத்துவச் செலவுக்கான ஏற்பாடுகளோ நீண்ட காலம் வேறு கணக்கையே பின்பற்றின. சிங்கப்பூரில் இம்முரண் தோன்றித் தளர்ந்த வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

அரசாங்கப் புறநோயாளர் மருந்தகங்களில் 1960இல் வருகைக்கு 50 காசு கட்டணம் விதிக்கப்பட்டது. செலவில் தனிமனிதருக்கும் பங்குண்டு என்னும் இக்கொள்கை, 1983ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரத் திட்டத்தில் முழு உருப்பெற்றது. அதன் விளைவாக 1984 ஏப்ரலில் மெடிசேவ் தொடங்கப்பெற்று, மத்திய சேமநிதிச் சந்தாவின் ஒரு பகுதி மருத்துவத்திற்கென ஒதுக்கப்பட்டது. அவ்வேற்பாடு மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையையே முதன்மையாகக் கருதியது. அன்றே முதுமை எய்தியிருந்தோரும் ஊதியப் பணிக்குச் செல்லாத இல்லத்தரசிகளும் போதிய சேமிப்பற்றிருந்தனர். பிள்ளையின் கணக்கிலிருந்து பெற்றோரின் கட்டணத்தைச் செலுத்த விதி இடமளித்தமையால், முதியோரின் நோய்ச்சுமை குடும்பத்தின் சேமிப்பைச் சார்ந்தது.

1990இல் வந்த மெடிஷீல்டு காப்புறுதி பெருஞ்செலவைத் தாங்கியது. எனினும், முன்னரே இருந்த நோய்களை அது விலக்கியது. வயது வரம்பும் வகுத்தது. 1993இல் அமைந்த மெடிஃபண்ட், கட்டணம் செலுத்த இயலாதோருக்கு இறுதிப் புகலாயிற்று. ஆனால், பல நோயுற்ற முதியவரை அரிப்பது மாதந்தோறும் வாங்கும் மாத்திரையும் இரத்தப் பரிசோதனையும் ஆகும்.

இச்செலவுக்கு 2006 அக்டோபரில் வழி பிறந்தது. நீரிழிவின் புறநோயாளர் சிகிச்சைக்கு மெடிசேவ் அனுமதிக்கப்பட்டது. 2007 ஜனவரியில் உயர் இரத்த அழுத்தம், மிகைக் கொழுப்பு, பக்கவாதம் ஆகியன சேர்க்கப்பட்டன. கட்டணத்தில் 15 விழுக்காட்டை நோயாளர் ரொக்கமாகச் செலுத்த வேண்டியிருந்தது. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்தியரிடையே நீரிழிவு 17.2 விழுக்காடாகவும், மக்கள்தொகை முழுமைக்கும் 11.3 விழுக்காடாகவும் காணப்பட்டது. ஆகவே, இம்மாற்றம் நம் சமூகத்திற்கு நெருக்கமான ஒன்றாகும்.

2014இல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப், வயது வரம்பின்றி, முன்னரே நோயுற்றோரையும் உள்ளடக்கியது. 2021இல் நாட்பட்ட நோய்களுக்கான மெடிசேவ் ஆண்டு வரம்பு ஒரு நோயுடையோருக்கு 500 வெள்ளியாகவும், பல நோயுடையோருக்கு 700 வெள்ளியாகவும் வகுக்கப்பட்டது. 2023இல் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டம், ஒருவருக்கு ஒரு குடும்ப மருத்துவர் என்னும் முறையை முன்வைத்தது.

ஆக, கணக்கின் அலகு மருத்துவமனைப் படுக்கையிலிருந்து நோய்க்கும், நோயிலிருந்து மனிதருக்கும் மெல்ல நகர்ந்துள்ளதைக் காண்கிறோம். எனினும், இவ்வரலாறு விதிகளின் வழியே அறியப்பட்டதாகும். எந்த மருந்தை இம்மாதம் வாங்காது விடலாம் எனத் தனக்குள் கணக்கிட்ட முதியவரின் முடிவு மருத்துவமனைக் கட்டணச் சீட்டில் பதிவாவதில்லை. அம்முதியோரின் வாய்மொழியைத் தமிழிலேயே திரட்டுவது நம் துறையினரும் ஆசிரியர்களும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.