இரு மேடுகளும் ஒரு நாகரிகமும்

புதைபொருளாராய்ச்சி என்றவுடன் மண்வெட்டியே நம் நினைவிற்கு வருகிறது. ஆயினும், தோண்டி எடுப்பதினும் எடுத்ததை இன்னதென்று அறிவதே அரிது என்பது என் கருத்து. சிந்துவெளி நாகரிகம் வெளிப்பட்ட வரலாறே இதற்குத் தக்க சான்று.

பஞ்சாபில் இராவி ஆற்றின் பழைய கரையில் அரப்பா மேடு உள்ளது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லாகூர்–முல்தான் இருப்புப் பாதை அமைத்தோர், அம்மேட்டின் சுட்ட செங்கற்களைப் பெயர்த்துப் பாதைக்கு அடியில் பரப்பினர். அங்குக் கிடைத்த முத்திரை ஒன்றின் படத்தை அலெக்சாண்டர் கன்னிங்காம் 1875-இல் வெளியிட்டார். அதில் ஒரு விலங்கின் உருவமும் அறியாத எழுத்துக்களும் இருந்தன. அஃது அயல்நாட்டுப் பொருள் என்று அவர் எண்ணினார். ஐம்பதாண்டுக் காலம் அம்முத்திரையின் பெருமையை எவரும் உணர்ந்திலர்.

1921-இல் தயாராம் சாஹனி அரப்பாவை முறையாக அகழத் தொடங்கினார். அடுத்த ஆண்டில், ஏறத்தாழ 400 மைலுக்கு அப்பால், சிந்துப் பகுதியின் மொகஞ்சதாரோவில் ராக்கால்தாஸ் பானர்ஜி அகழ்ந்தார். அவர் நாடிச் சென்றது பௌத்தத் தூபி. கிடைத்தவையோ அரப்பா முத்திரைகளை ஒத்த முத்திரைகள்!

தொல்பொருள் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் இரண்டிடத்துப் பொருள்களையும் ஒருங்கே வைத்து ஒப்பு நோக்கினார். தனித்தனியே ஊமையாய்க் கிடந்தவை, சேர்ந்தபோது பேசின. 1924 செப்டம்பர் 20-இல் லண்டன் வார இதழொன்றின் வாயிலாக அவர் அச்செய்தியை உலகிற்கு அறிவித்தார். அவற்றின் காலம் அவருக்கும் அப்போது தெளிவாகவில்லை. இதழைக் கண்ட மேலைநாட்டறிஞர் சிலர், சூசாவிலும் மெசபொத்தேமியாவிலும் கிடைத்த பொருள்களோடு அவற்றிற்குள்ள ஒப்புமையை உடனே எடுத்துக்காட்டினர். அதன் பயனாக, அந்நகரங்கள் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிற்கு உரியவை என்பது புலனாயிற்று. அசோகர் காலத்திற்கு முற்பட்ட கட்டடங்களைக் காண்பதே அரிதாயிருந்த நாட்டின் நகர வரலாறு, ஈராயிரம் ஆண்டிற்கு மேல் பின்னோக்கி நீண்டது.

அவ்விரண்டு இடங்களும் 1947 முதல் பாகிஸ்தானில் உள்ளன. அம்முத்திரைகளின் எழுத்தை அறிஞர் யாவரும் ஒப்பும் வகையில் படித்தவர் இன்றும் இலர். ஒருநாள் அவ்வெழுத்து விளங்கக் கூடும். ஆனால், இருப்புப் பாதையின் அடியிற் சென்ற செங்கற்கள் எந்த வீட்டின் சுவராய், எந்தத் தெருவின் ஓரமாய் நின்றன என்பதை இனி எவராலும் கூற இயலாது. இடம் பெயர்ந்த பொருள் தன் வரலாற்றில் பாதியை இழந்து விடுகிறது. ஆகவே, நேயர்களே, ஏர் முனையிலோ கிணறு வெட்டும் இடத்திலோ பழம்பொருள் தென்படின், அதனைக் கிடந்தவாறே விட்டு, அறிந்தோர்க்குச் செய்தி சொல்லுங்கள். முன்னோர்க்கு நாம் செய்யத்தக்க சிறந்த கடமைகளுள் அதுவும் ஒன்று.