ஓட்டுநருக்குத் தோல், முதலாளிக்குத் துணி

1920களின் ரோல்ஸ் ராய்ஸ் அல்லது டைம்லர் லிமூசின்களை உள்ளே எட்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு திகைப்பு காத்திருக்கும். டிரைவர் உட்காரும் முன் சீட் தோலால் ஆனது. பின்னால் முதலாளி சாய்ந்து வரும் சீட்டிலோ கம்பளித் துணி. இன்றைய கணக்குக்கு இது நேர் தலைகீழ். ஆனால் அன்று பல கார்களில் முன்பகுதிக்கு நிலையான கூரை இல்லை. மழையிலும் வெயிலிலும் கிடப்பவர் டிரைவர்தான்; நனைந்தாலும் துடைத்துவிட்டு உட்காரத் தோல்தான் தோது. குதிரைவண்டிக் காலத்து வழக்கம் அப்படியே காருக்கும் வந்துவிட்டது. சொகுசு என்ற பெயரைத் தோல் சம்பாதித்தது அதற்குப் பின்புதான்.

வழக்கம் மட்டுமல்ல, வேலை செய்த கைகளும் அவையேதான். லண்டனில் பார்க்கர், ஹூப்பர் போன்ற கோச்சு வண்டிக் கம்பெனிகள் காருக்கு உடல் கட்டத் தொடங்கின. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்ப்சன் கம்பெனியும் வண்டி கட்டிய நிறுவனம்தான்; அங்கே பணிபுரிந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். சுருள் ஸ்பிரிங், அதன்மேல் குதிரைமுடித் திணிப்பு, அதை இழுத்துப் பிடிக்கும் பொத்தான்கள், எல்லாவற்றையும் மூடும் தோல் என்று சீட்டின் அமைப்பும் கோச்சு வண்டியிலிருந்து வந்ததே. 1878இல் லண்டனில் செருப்பு, சேண வேலையோடு தொழில் தொடங்கிய கனாலி சகோதரர்களின் நிறுவனம் பிற்பாடு ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார், ஃபெராரி ஆகியவற்றுக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்ற இருக்கைகளுக்கும் தோல் கொடுத்தது. அந்தத் தோல் ஆலை 2002இல் மூடப்பட்டது.

இப்படிப்பட்ட பழைய சீட் ஒன்றைப் பழுதுபார்க்க உட்காருபவர் முதலில் விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டும். செங்கல் தூள்போல விரலில் ஒட்டினால், அது ‘ரெட் ராட்’ என்னும் சிதைவு. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் காற்றிலுள்ள கந்தகப் புகை படிந்து அமிலமாகி, நாரை உள்ளிருந்தே அரித்துவிடும்.

இந்த நோயை முதலில் பெரிய பிரச்சினையாக எழுப்பியவர்கள் நூலகத்தார். எரிவாயு விளக்கும் நிலக்கரிப் புகையும் சூழ்ந்த லண்டனில், தோல் அட்டை போட்ட புத்தகங்கள் உதிர்ந்துகொண்டிருந்தன. 1900இல் ஒரு குழு அமைந்து ஆராய்ந்தது. பழி விழுந்த தோல்களில் சென்னை மாகாணத் தோலும் ஒன்று. இங்கே குழிகளில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடுக்காய்ச் சாற்றில் முடிவுபெற்று, ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரோடு கப்பலேறிய சரக்கு அது. ஆவாரம்பட்டை வகைத் துவர்ப்பில் பதனிட்ட தோல் அமிலத்தைத் தாங்காது, சுமாக் என்னும் செடியின் துவர்ப்பில் பதனிட்டது அதிகம் தாங்கும் என்பது குழுவின் முடிவு. நம் பதனிடுவோரின் கைத்திறனில் குறையில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் பதனிட்டது லண்டன் புகைக்காக அல்ல. கார் சீட்டுக்கு வேண்டிய பெரிய காளைத் தோல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தே வந்தன. ஆனால் தாவரச் சாற்றில் பதனிட்ட எந்தத் தோலுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

குரோமியம் உப்பால் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். பட்டைச் சாற்றில் மாதக்கணக்கில் நடந்த வேலை, நாள்கணக்கில் முடிந்தது. குரோமில் பதனிட்டு, மேலே லாக்கர் பூசிய சீட்டுகளின் கோளாறு வேறு. அங்கே முதலில் இறுகி வெடிப்பது மேல்பூச்சு. அடியில் தோல் பல நேரம் திடமாகவே இருக்கும். பழைய பூச்சைக் கரைத்துத் துடைத்து, வெடிப்பில் நெகிழ்வான நிரப்பி வைத்து, நிறமேற்றினால் சீட் எழுந்து நிற்கும். இதையே ரெட் ராட் பிடித்த தோலுக்குச் செய்தால் கதை முடிந்தது. தண்ணீர் பட்டால் அது கறுத்து விறைத்துவிடும். எண்ணெய் ஊற்றினாலும் போன வலு திரும்பாது. ஆல்கஹாலில் கரைத்த செல்லுலோஸ் பசையை ஊட்டித்தான் தூளைக் கட்ட முடியும். கிழிசலுக்கு ஓரத் தையலைப் பிரித்து, மெல்லிய துணியை உள்ளே செருகி, விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து ஒட்டுவார்கள். ஒரு சாண் கிழிசலுக்கே பொறுமை நிறைய வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் உரித்தெறிந்து புதுத் தோல் போட்டார்கள். அது பெரும் இழப்பு என்பது பிற்பாடுதான் உறைத்தது. கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சி 2001இல், புதுப்பிக்காத கார்களுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. பழைய பொருளை இயன்றவரை காக்க வேண்டும் என்று பன்னாட்டுப் பழங்கார் கூட்டமைப்பின் டுரின் சாசனம் 2012இல் வலியுறுத்தியது. 2015இல் பாரிஸ் ஏலத்தில், பிரான்ஸின் ஒரு பண்ணைக் கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஃபெராரி ஒன்று, தூசியோடு அப்படியே 1.6 கோடி யூரோவுக்கு மேல் விலைபோனது.

நிறத்துக்கும் பழைய தோலே சாட்சி. வெயிலில் வெளுத்த மேற்பரப்பை நம்பாமல், குஷனைக் கழற்றி, மடிப்புக்குள் வெளிச்சம் படாத இடத்தைப் பார்த்தால் ஆலையில் ஏற்றிய நிறம் தெரியும். தேர்ந்த கைவினைஞர் சாயம் கலக்கத் தொடங்குவது அந்த விரலகல இடத்தைப் பார்த்துத்தான்.