முத்திரை, கையெழுத்து, விரல்

ஜப்பானில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள் சொல்லும் கதைகளில் ஹான்கோ என்கிற முத்திரைக்கட்டையும் ஃபாக்ஸ் மெஷினும் தவறாமல் வரும். அத்தனை வேகத்தில் ரயில் விடுகிறவர்கள், சுண்டுவிரல் அளவு மரக்கட்டையைச் சிவப்பு மையில் தொட்டுக் காகிதத்தில் குத்தாமல் ஒரு காரியமும் செய்யமாட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு அங்கே விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் இது சுற்றுலாக்காரனின் சிரிப்பு. எதிரில் நிற்கிற மனிதனை ஓர் அரசு எதைக்கொண்டு நம்புகிறது என்ற கேள்வி அந்தக் கட்டைக்குப் பின்னால் இருக்கிறது. எல்லோரிடமும் அது ஒரே பொருளைக் கேட்கவில்லை என்பதும் இருக்கிறது.

முதலில் வழக்கம். ஒருவரிடம் மூன்று முத்திரைகள் வரை இருக்கும். ஊர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்ட 'ஜித்ஸுயின்' வீடு, நிலம், கார் வாங்கும்போது மட்டும் வெளியே வருவது. வங்கிக் கணக்குக்கு ஒன்று. பார்சலுக்கும் சுற்றறிக்கைக்கும் குத்துகிற சில்லறை முத்திரை ஒன்று. பதிவு முத்திரை பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் உள்ள சதுரத்தைவிடப் பெரிதாகவும், 25 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்குவதாகவும் இருக்கவேண்டும். ரப்பர் ஆகாது, அழுத்தினால் உருமாறும். அலுவலகக் காகிதம் மேலே போகப் போக முத்திரைகள் வரிசையாகச் சேரும். சில இடங்களில், கீழே இருப்பவர் தன் முத்திரையைச் சற்று இடதுபுறம் சாய்த்துக் குத்தவேண்டும். பக்கத்தில் உள்ள மேலதிகாரியின் முத்திரைக்கு அது தலை வணங்குகிறதாம்.

இதை அறுபடாத பழைய மரபு என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. முத்திரை பழசுதான். 1784-ல் க்யூஷூவை ஒட்டிய ஷிகா தீவில் மண்ணில் கிடைத்த தங்க முத்திரை, கி.பி. 57-ல் சீனத்து ஹான் சக்ரவர்த்தி 'நா' என்ற சிறு நாட்டுக்குக் கொடுத்தனுப்பியது என்று கருதப்படுகிறது. ஆனால் நடுக்காலத்துப் பிரபுக்களும் போர்வீரர்களும் பத்திரங்களில் இட்டது 'காஓ' என்ற, தூரிகையால் வரைந்த கையொப்பச் சித்திரம். முத்திரை இல்லாத எளியவர்கள் விரல்நுனியையோ நகத்தையோ மையில் தோய்த்து வைத்தார்கள். எல்லாரையும் முத்திரைக்குள் கொண்டுவந்து சேர்த்தது மெய்ஜி அரசு. 1873-ல் வந்த ஆணை, நகக்குறியையும் காஓவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அக்டோபர் 1 முதல் பத்திரங்களில் ஜித்ஸுயின்தான் இருக்கவேண்டும், இல்லாதது நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்றது. முதல் ரயிலும் நாடு முழுவதற்குமான பள்ளிச் சட்டமும் அதற்கு முந்தைய வருஷம்தான் வந்திருந்தன. ஆக, முத்திரையின் இன்றைய ஆட்சி ரயிலுக்கு ஒரு வயது இளையது. விரல் செல்லாது என்று ஆனதும் அந்த ஆணையில்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நமக்கு இது அவ்வளவு அந்நியமான சங்கதி அல்ல. ராமன் இல்லாத இடத்தில் ராமனாக நின்றது கணையாழி. மோதிரம் நீரில் விழுந்ததும் துஷ்யந்தனுக்குச் சகுந்தலையைத் தெரியாமல் போயிற்று. வயிற்றில் பிள்ளையோடு எதிரே நிற்கிறவளை விட்டுவிட்டு அத்தாட்சியைத் தேடிய முதல் அதிகாரி அவன்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. (காளிதாசன் அதற்குச் சாபம் என்று ஒரு சமாதானம் வைத்திருக்கிறான். அலுவலகங்களில் அதை விதி என்கிறார்கள்.) முத்திரையின் குணம் இதில் தெரிகிறது. ஆள் இல்லாதபோதும் அது இருக்கும். மனைவி குத்தலாம், குமாஸ்தா குத்தலாம். கையெழுத்துக்கு உரியவனின் கை வேண்டும். 1877-ல் பெயரைக் கைப்பட எழுதவும் வேண்டும் என்று ஓர் ஆணை வந்தது. எழுதத் தெரியாதவனுக்காக இன்னொருவர் எழுதலாம் என்று அதிலேயே வழியும் வைத்தார்கள். முத்திரை மட்டும் அவனுடையதாக இருக்கவேண்டும்.

அடுத்து வந்த இரண்டு சட்டங்களைச் சேர்த்து வாசித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். 1899, மேல்நாடுகளோடு செய்திருந்த சமமற்ற ஒப்பந்தங்கள் மாறிய வருஷம். அந்நியர்களின் தனிக் குடியிருப்புகளும் தூதரக நீதிமன்றங்களும் ஒழிந்தன. யோகஹாமாவில் கடை வைத்திருந்த ஆங்கிலேயனும் இனி ஜப்பானியச் சட்டத்தின் கீழ். அவனிடம் முத்திரை ஏது? அந்த வருஷத்து 50-ம் எண் சட்டம், கையெழுத்தும் முத்திரையும் வேண்டிய இடங்களில் அந்நியனுக்குக் கையெழுத்தே போதும் என்றது. முத்திரை மட்டும் வேண்டிய இடங்களிலும் அப்படியே. அடுத்த வருஷம், 1900-ல், 17-ம் எண் சட்டம்: வணிகச் சட்டம் கையெழுத்துக் கேட்கிற இடங்களில், பெயரை எந்த விதமாகவாவது பொறித்து முத்திரை குத்தினால் போதும். ஐரோப்பியச் சட்டங்களைப் பார்த்து எழுதப்பட்ட வணிகச் சட்டம் கையை நம்பியிருந்தது. கடைத்தெருவும் வங்கியும் கட்டையை நம்பின. கட்டை ஜெயித்தது. ஓராண்டு இடைவெளியில் அந்நியன் முத்திரையிலிருந்தும் உள்ளூர்க்காரன் கையெழுத்திலிருந்தும் விடுதலை பெற்றார்கள்.

இதற்குத் தொண்ணூறு வருஷங்களுக்குப் பிற்பாடு நான் அங்கே கணக்குத் திறக்கப் போனபோது, ஒரு வங்கி என் கையெழுத்தை ஏற்கவில்லை. சட்டத்தை மீறினார்கள் என்று சொல்ல முடியாது. சட்டம் கேட்கிற முத்திரைக்குத்தான் அந்த விலக்கு, வங்கி தன் வழக்கப்படி கேட்கிற முத்திரைக்கு இல்லை. முத்திரைக் கடைக்காரர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். நமக்கு அப்படி ஒன்று ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அப்பா பெயர். அதையே கடாகானா எழுத்தில் செதுக்கிக் கொடுத்தார். அதிலிருந்து அந்த ஊரில் எல்லோரும் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். சிதம்பரத்துக்கு வடக்கே அதிகம் போயிராத மனுஷர் பேரில் வாடகை ஒப்பந்தமும் மின்சார ரசீதும் வந்துகொண்டிருந்தன.

வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் 'ஜென்கின்' வலை 1973-ல் தொடங்கியது. அதன் கோப்பில் பணம் பெறுகிறவர் பெயருக்கு 30 கட்டங்கள், அரை அகலக் கடாகானாவில். ககரத்தையும் தகரத்தையும் மெலிந்து ஒலிக்கச் செய்யும் இரண்டு சிறு கோடுகள் அந்த வடிவத்தில் எழுத்தின் தோளில் உட்காராமல் அடுத்த கட்டத்தைத் தனியாக எடுத்துக்கொள்ளும். நம் பழைய தட்டச்சில் புள்ளி இடம் அடைக்காமல் எழுத்தின் தலைமேல் ஏறிக்கொள்ளும். அங்கே புள்ளிக்கும் வாடகை. நம் நீளப் பெயர்கள் முப்பதாவது கட்டத்தில் வால் அறுபட்டு நிற்கும்.

ஃபாக்ஸ் மெஷினையும் எழுத்திலிருந்துதான் பார்க்கவேண்டும். 1915-லேயே ஜப்பானியத் தட்டச்சு ஒன்று உண்டு. சுமார் 2,400 அச்செழுத்துகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடிக்கவேண்டும். அதைத் தட்டச்சு என்பதைவிட மேஜைமேல் வைத்த அச்சுக்கூடம் என்பது பொருந்தும். 1978-ல் கணினிக்கான எழுத்துப் பட்டியல் வகுக்கப்பட்டபோது அதில் 6,349 சீன எழுத்துகள் இருந்தன. அதே வருஷம் தோஷிபா அறிவித்த முதல் ஜப்பானிய வேர்ட் பிராசஸர் 220 கிலோ, விலை 63 லட்சம் யென். கையால் எழுதுவதே சுலபம் என்றிருந்த நாட்டில், எழுதியதை எழுதியபடியே அனுப்புகிற கருவி வேர்விட்டதில் ஆச்சரியம் என்ன? 1928-ல் சக்ரவர்த்தியின் முடிசூட்டுப் படங்களைக் க்யோட்டோவிலிருந்து டோக்யோவுக்கு அனுப்பியது நிவா யாசுஜிரோவின் குழு செய்த படத்தந்திக் கருவி. வீட்டு ஃபாக்ஸ் அதன் பேரப்பிள்ளை. அது வழியும் படமும் கையெழுத்தும் கொண்டுபோகும், முத்திரையையும் கொண்டுபோகும். சிவப்பு மட்டும் கறுப்பாகப் போய்ச் சேரும். அப்புறம் அசல் தபாலில் வரும்.

2020-ல் தொற்று பரவியபோது டாக்டர்கள் நோயாளி விவரத்தைக் கையால் நிரப்பிச் சுகாதார நிலையங்களுக்கு ஃபாக்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லப்பட்டவர்கள் முத்திரை குத்துவதற்காக மட்டும் ரயிலேறி அலுவலகம் போனார்கள். முந்தைய வருஷம் தகவல் தொழில்நுட்ப மந்திரியாக வந்த தகெமோதோ நாவோகாஸு, முத்திரைக் கலாசாரத்தைக் காக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அதே 2019 டிசம்பரில் டோக்யோவில் ஒரு யந்திரக் கை காட்சிக்கு வைக்கப்பட்டது. காகிதத்தைப் புரட்டி, இடம் பார்த்து, முத்திரை குத்தும். விதியை மாற்றுவதற்குப் பதிலாக விதிக்கு ஒரு கை செய்துகொடுத்தார்கள். ஆள் இல்லாமல் நடப்பது என்ற முத்திரையின் குணம் அதில் பூரணமாயிற்று.

நிர்வாகச் சீர்திருத்த மந்திரியாக 2020 செப்டம்பரில் வந்த கோனோ தாரோ முத்திரையை ஒழிக்கக் கிளம்பினார். நவம்பரில் கணக்குச் சொன்னார். முத்திரை கேட்ட 14,992 அரசு நடைமுறைகளில் 83-ல் மட்டும் அது நீடிக்கும். முத்திரை செதுக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்ட யாமானாஷி பகுதியிலிருந்து கோபம் வந்தது. அது நியாயமான கோபம். தங்கள் வயிற்றுப்பாட்டை மந்திரி ஒரு வேடிக்கையாக்குவதை எந்தக் கைவினைஞன் பொறுப்பான்? 2021-ல் அரசு அலுவலகங்களின் ஃபாக்ஸை நிறுத்தச் சொன்னபோது ஆட்சேபங்கள் குவிந்து அது நடக்காமல் போயிற்று. ஃப்ளாப்பி தட்டுகளைக் கேட்கும் விதிகள் 2024 ஜூனில்தான் ஏறக்குறைய முழுதும் நீங்கின. ஃப்ளாப்பி என்றதும் யாமாகுச்சிப் பகுதியின் அபு என்ற சிற்றூரைச் சொல்வார்கள். 463 குடும்பங்களுக்குத் தலா ஒரு லட்சம் யென் போகவேண்டிய உதவித்தொகை, 4 கோடியே 63 லட்சமும், 2022-ல் ஒரே ஆளின் கணக்கில் விழுந்தது. ஃப்ளாப்பியைக் குறைசொல்லி எழுதினார்கள். ஃப்ளாப்பி தன் காரியத்தைச் சரியாகவே செய்திருந்தது. தவறு, அதற்குமேல் அனுப்பப்பட்ட ஒரு காகிதத்தில்.

இவ்வளவும் சொல்லிச் சிரிக்கத்தக்க பகுதி. இனி விரல்.

விரல்ரேகை விஞ்ஞானத்தின் பிறப்பில் வங்காளத்துக்கும் டோக்யோவுக்கும் பங்குண்டு. 1858-ல் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ஒப்பந்தத்தை மறுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு வங்காளக் குத்தகைதாரரின் உள்ளங்கையைக் காகிதத்தில் பதியவைத்தார். 1877-ல் ஹூக்ளியில் பென்ஷனுக்கும் பத்திரப் பதிவுக்கும் விரல் வாங்கினார். டோக்யோவின் த்ஸுகிஜியில் ஆஸ்பத்திரி நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஹென்றி ஃபால்ட்ஸ், பழைய ஜப்பானியப் பானை ஓடுகளில் குயவரின் விரல்தடங்களைக் கண்டு ஆராய்ந்து, 1880 அக்டோபரில் 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதினார். அடுத்த மாதமே ஹெர்ஷலின் கடிதம் வந்தது. கண்டுபிடித்தது யார் என்ற சண்டை அவர்கள் ஆயுளுக்கும் நடந்தது. விரல் கொடுத்தவர்கள் அந்தச் சண்டையில் கட்சிக்காரர்கள் அல்ல. நம் ஊரில் 'கைநாட்டு' என்ற சொல் வசவாயிற்று.

1952 ஏப்ரல் 28-ல் சமாதான ஒப்பந்தம் அமலானபோது, ஜப்பானில் இருந்த கொரியர்களும் தைவான்காரர்களும் ஜப்பானியப் பிரஜைகளாக இல்லாமல் போனார்கள். அதே நாளில் அந்நியர் பதிவுச் சட்டம் வந்தது. அதிலிருந்த விரல்ரேகை விதி, எதிர்ப்பினால் தள்ளிப்போய், 1955-ல் நடைமுறையாயிற்று. ஓராண்டுக்கு மேல் தங்குகிற அந்நியர்கள் இடது ஆள்காட்டி விரலை மையில் உருட்டிப் பதிக்கவேண்டும். 1940-ல் ஜப்பானிய மாதிரிக் குடும்பப் பெயர் வைக்கும்படி நெருக்கப்பட்டவர்கள், அந்தப் பெயரில் முத்திரை செதுக்கிக்கொண்டவர்கள், அவர்களுக்கு அங்கேயே பிறந்த பிள்ளைகள் எல்லாரும் இதில் அடக்கம். அந்நியனுக்குக் கையெழுத்துப் போதும் என்ற 1899-ன் சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது. யோகஹாமா வியாபாரிக்காகச் செய்த மரியாதை அது. ஒஸாகாவின் கொரியத் தொழிலாளியிடம் அரசு அதை நினைத்துப் பார்க்கவில்லை. பத்திரத்துக்கு ஆகாது என்று 1873-ல் தள்ளிய விரலை, 1955-ல் பெயரை நம்பாத இடத்தில் கேட்டு வாங்கியது.

1980-ல் ஷின்ஜுகு வட்ட அலுவலகத்தில் ஹான் ஜோங்-ஸோக் என்பவர் விரல் வைக்க மறுத்தார். பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் மறுத்தார்கள். வழக்கு, அபராதம், கைது எல்லாம் நடந்தன. மறுத்த பியானோ கலைஞர் சோய் ஸொன்-ஏ, மறுநுழைவு அனுமதி கிடைக்காமலே 1986-ல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். பிறந்த நாட்டில் அவருக்கிருந்த நிரந்தரக் குடியுரிமை அதனால் போயிற்று. 1999-ன் சட்டத்திருத்தத்தினால்தான் அது திரும்பக் கிடைத்தது. எதிர்ப்பு உச்சத்திலிருந்த 1985-ல் அரசு செய்த சீர்திருத்தம், கறுப்பு மைக்குப் பதிலாக நிறமில்லாத ஒரு திரவம். கறை படிவதுதான் குறை என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

1993-ல் நிரந்தரவாசிகளுக்கு விரல் நீங்கிற்று. அதற்குப் பதிலாக அவர்களிடம் கேட்கப்பட்டவற்றில் ஒன்று கையெழுத்து. 2000-ல் மற்றவர்களுக்கும் நீங்கியது. 2007 நவம்பர் 20 முதல் விமானநிலையங்களில் மறுபடி வந்தது. பழைய காலனிக் குடிகளின் வழிவந்த விசேஷ நிரந்தரவாசிகளுக்கு விலக்கு. மற்ற அந்நியர்கள் பதினாறு வயதிலிருந்து இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கண்ணாடித் தகட்டில் வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். 2020-ல் பதினைந்தாயிரம் நடைமுறைகளைக் கணக்கெடுத்தவர்கள் இதை எண்ணவில்லை. இது முத்திரை அல்லவே.